ஆடாசிட்டி 3.7 மதிப்பீடு: மைக்கை மாட்டியும் குரல் வராதவர்களுக்கு

மைக் வாங்கியாயிற்று, கணினியில் செருகியாயிற்று, ஆடாசிட்டியையும் நிறுவியாயிற்று. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு நேர்கோடு மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது. வீட்டில் முதன்முதலாகக் குரல் பதிவு செய்ய உட்காருபவர்கள் பலர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். மென்பொருள் சரியில்லை என்று வேறொன்றுக்குத் தாவினால் அங்கேயும் அதே நேர்கோடுதான் வரும். கோளாறு பெரும்பாலும் ஆடாசிட்டிக்கு முன்னாலேயே இருக்கிறது: மைக், கேபிள், மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், இயங்குதளம் என்று ஒலி கடந்து வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில்.

ஆகவே வசதிகளை வரிசையாக எண்ணாமல், கோளாறு வரும்போது அதைக் கண்டுபிடிக்க ஆடாசிட்டி எவ்வளவு உதவுகிறது, எங்கே வழிதவற வைக்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மைக், ஒரு குரல், பேச்சோ பாட்டோ பாட்காஸ்ட்டோ என்றால் தாராளமாக இதையே எடுத்துக்கொள்ளலாம். இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் இரண்டு மூன்று இடங்களில் புதியவரைக் குழப்பும் வடிவமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பல மணி நேரம் மிச்சம்.

1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் தொடங்கிய திட்டம் இது. 2000 மே மாதம் பொதுவெளிக்கு வந்தது. 2021-இல் மியூஸ் குழுமத்தின் கைக்கு மாறியது. அந்த ஆண்டிலும் அதன் பிறகும்தான் ஒரே கோப்பாகச் சேமிக்கும் ஏயூபி3 வடிவம், கிளிப்பின் ஓரத்தை இழுத்து வெட்டும் வசதி, 3.2 பதிப்பில் வந்த நிகழ்நேர எஃபெக்ட்டுகள் எல்லாம் சேர்ந்தன. பழைய பதிப்பை வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளில் மெனுக்கள் இடம் மாறித் தெரிவதற்கு இதுதான் காரணம். நிறுவும்போது அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். மற்ற தளங்களில் கூடவே வேறு எதையாவது ஒட்டிக் கொடுப்பது உண்டு.

குரலே பதிவாகவில்லை என்றால்

முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'மைக்ரோஃபோன்' என்று போனால் மேலே ஒரு பொது சுவிட்ச் இருக்கும். அதை மட்டும் போட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கமான தவறு. பக்கத்தின் அடியில், டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக்கைத் திறந்துவிடும் இன்னொரு சுவிட்ச் தனியாக இருக்கிறது. ஆடாசிட்டி அந்த வகையில் வருவதால் அதையும் போட்டாக வேண்டும். மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே அதே பிரைவசி பகுதியில் ஆடாசிட்டியின் பெயருக்கு எதிரே உள்ள சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். முதல் முறை கேட்டபோது தவறி மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்காது; நாமாகப் போய்த்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஆடாசிட்டியை மூடித் திறக்கவும்.

அடுத்தது கருவித் தேர்வு. ஆடாசிட்டி தன்னைத் திறக்கும் நேரத்தில் எந்த மைக்குகள் இணைந்திருந்தனவோ அவற்றைத்தான் பட்டியலில் வைத்துக்கொள்கிறது. திறந்த பிறகு செருகிய யூஎஸ்பி மைக் தெரியாது. மேலே இருக்கும் 'ஆடியோ செட்டப்' பொத்தானை அழுத்தி 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' கொடுத்தால் வந்துவிடும். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இது தானாக நடக்காதது ஒரு குறைதான். மைக்கைச் செருகிய பிறகு மென்பொருளைத் திறப்பது என்று பழகிக்கொள்வது நல்லது.

அதே 'ஆடியோ செட்டப்' பட்டியலில் 'ஹோஸ்ட்' என்றொரு வரி வரும்; ஆடாசிட்டி கருவியோடு பேசும் வழி அது. விண்டோஸில் எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வாசாபி என்று மூன்று தெரிவுகள். எம்எம்இ மிகப் பழையது, ஏறக்குறைய எந்தக் கருவியோடும் ஒத்துப்போகும். ஆனால் கருவியின் பெயரை 31 எழுத்துகளோடு வெட்டிவிடும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு உள்ளீடுகளில் எது எது என்று தெரியாது. தாமதமும் கூடுதல். வாசாபியைத் தேர்ந்தெடுத்தால் பெயர் முழுதாக வரும், சிக்னலும் நேர்த்தியாக வரும். ஒரேயொரு எச்சரிக்கை: வாசாபியில் மைக்குகளோடு 'லூப்பேக்' என்று முடியும் பெயர்களும் சேர்ந்து வரும். அவை கணினி ஸ்பீக்கரில் ஓடும் ஒலியைப் பதிவதற்கானவை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மைக்கில் எவ்வளவு கத்தினாலும் கோடு அசையாது.

சரியான மைக்தான் பதிவாகிறதா என்று உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. பதிவை ஓடவிட்டு, மைக்கின் வலைமேல் விரல் நகத்தால் மெதுவாக ஒரு கீறு கீறுங்கள். அலைவடிவம் பெரிதாக எகிறினால் அதே மைக். அசையாமல் இருந்து, மடிக்கணினியின் விசைப்பலகையைத் தட்டும்போது எகிறினால், பதிவாகிக்கொண்டிருப்பது கணினிக்குள் இருக்கும் மைக். 'யூஎஸ்பி மைக் வாங்கியும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது' என்ற புகார் வந்தால் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்ய வேண்டும்.

பதிவு தொடங்காமல் எண்ணோடு ஒரு பிழைச்செய்தி வந்தால் அந்த எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். ஆடாசிட்டி பயன்படுத்தும் போர்ட்ஆடியோ என்ற நிரல் நூலகத்தின் எண்கள் அவை, ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. -9996 என்றால் தேர்ந்தெடுத்த கருவியே இல்லை: கேபிள் கழன்றிருக்கும், அல்லது ரீஸ்கேன் தேவை. -9997 என்றால் சாம்பிள் ரேட் (ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளப்பது என்ற எண்) ஒத்துவரவில்லை. -9998 என்றால் சேனல் எண்ணிக்கை பொருந்தவில்லை. ஒற்றைச் சேனல் மைக்கிடம் ஸ்டீரியோ கேட்டிருப்பீர்கள். -9999 என்பது இயங்குதளம் கதவைச் சாத்திவிட்டது என்பதற்கான பொது எண். முதல் சந்தேகம் அந்த அனுமதி சுவிட்ச், இரண்டாவது சந்தேகம் வேறொரு செயலி மைக்கைப் பிடித்து வைத்திருப்பது. இவ்வளவு துல்லியமான தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் புரியும் சொற்களில் திரையில் காட்டாதது ஆடாசிட்டியின் மேல் நியாயமாக வைக்கக்கூடிய குற்றச்சாட்டு.

மென்பொருள் எல்லாம் சரியாக இருந்தும் ஓசை இல்லையா? மைக்கைப் பாருங்கள். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் போன்ற கைப்பிடி மைக்குகளில் உடம்பிலேயே ஆன்/ஆஃப் சுவிட்ச் உண்டு. ப்ளூ யெட்டியில் மியூட் பொத்தான் முன்பக்கத்தில். கண்டென்சர் மைக்கை (இயங்க மின்சாரம் தேவைப்படும் வகை) எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் இணைப்பு வழியாக ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கைக் கணினியோடு சேர்க்கும் பெட்டியில், மாட்டியிருந்தால் 48 வோல்ட் பேண்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட வேண்டும். அது இல்லாமல் கண்டென்சர் பேசாது. போடுவதற்கு முன் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) முழுக்கக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஹெட்ஃபோனில் பெரிய வெடிப்பு கேட்கும். எக்ஸ்எல்ஆர் கண்டென்சரை ஒரு சாதாரண மாற்றுக் கேபிளால் மடிக்கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகுவது பலன் தராது. அந்தத் துளை கொடுப்பது சில வோல்ட் மட்டுமே.

3.5 மில்லிமீட்டர் பிளக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. கைப்பேசிக்கான காலர் மைக்கின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், அதாவது நான்கு தொடர்புகள். மைக் சிக்னல் அடிப்பகுதியில் வருகிறது. மேசைக் கணினியின் தனி மைக் துளைக்கு இரண்டு வளையம் உள்ள பிளக் வேண்டும். அங்கே சிக்னல் நுனியில் எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டும் உடல் அளவில் பொருந்தும், மின் தொடர்பில் பொருந்தாது. ஹெட்ஃபோனையும் மைக்கையும் தனித்தனியாகப் பிரிக்கும் சிறிய ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர்தான் தீர்வு.

லெவல்: இங்கேதான் அதிகத் தவறு

ஆடாசிட்டியின் அலைவடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பக்கவாட்டில் இருக்கும் அளவுகோல் +1.0 முதல் -1.0 வரை. 1.0 என்பது 0 டெசிபெல், அதற்கு மேல் இடமில்லை. 0.5 என்பது -6 டெசிபெல். 0.25 என்பது -12 டெசிபெல். பேச்சின் உச்சங்கள் -12-க்கும் -6-க்கும் நடுவில் விழுந்தால் நல்ல பதிவு; அப்படியானால் அலை தடத்தின் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு உயரம் வரைதான் எழும். பார்ப்பதற்கு மெலிந்ததாகத் தெரியும். தடம் முழுக்க நிறைய வேண்டும் என்று நினைத்துக் கெயினைத் திருகுகிறார்கள், அடுத்த உரத்த சொல்லில் உச்சி வெட்டுப்பட்டுப் போகிறது. மெலிந்த அலையைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். 24 பிட்டில் பதியும் கருவியில் இன்னும் தாழ்வாக, -18 அளவில் வைத்தாலும் நஷ்டமில்லை. வெட்டுப்பட்ட உச்சியை உண்மையில் மீட்க முடியாது. 'கிளிப் ஃபிக்ஸ்' என்ற எஃபெக்ட் ஊகித்து நிரப்பும், அவ்வளவே.

சரியான முறை இது. மைக் மீட்டரின் மெனுவில் கண்காணிப்பை இயக்குங்கள். பதிவு ஓடாமலே மீட்டர் அசையும். வாசிக்கப்போகும் பகுதியிலேயே மிக உரக்க வரும் வரியை, உண்மையான உரப்போடு, உண்மையான தூரத்திலிருந்து சொல்லுங்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று மென்மையாகச் சொல்லி வைத்த லெவல் வாசிப்பு சூடுபிடித்ததும் செல்லாது. உச்சம் -6-ஐத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். 'வியூ' மெனுவில் கிளிப்பிங்கைக் காட்டும் தெரிவை எப்போதும் போட்டே வையுங்கள். வெட்டுப்பட்ட இடம் சிவப்புக் கோடாகத் தெரியும்.

அடுத்தது ஸ்லைடர். ஆடாசிட்டியின் கருவிப்பட்டையில் இருக்கும் பதிவு ஒலியளவு ஸ்லைடர் எல்லாக் கருவியிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பல யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களில், குறிப்பாக மேக்கில், அது மங்கிப்போய் நகரவே நகராது. கெயினைக் கருவியின் மேலுள்ள குமிழில்தான் மாற்ற முடியும். இன்னும் சிலவற்றில் நகரும், ஆனால் ஏற்கெனவே எண்ணாக மாறிவிட்ட சிக்னலைச் சுருக்க மட்டுமே செய்யும். அதன் அடையாளம் தெளிவானது: அலையின் உச்சி 1.0-ஐத் தொடவே இல்லை, 0.6-இலோ 0.7-இலோ கத்தியால் சீவியது போல மட்டமாக நிற்கிறது, சிவப்புக் கோடும் விழவில்லை, ஆனால் காதுக்குக் கரகரப்பாக இருக்கிறது. வெட்டு முன்னாலேயே, ப்ரீஆம்ப்பில் நடந்துவிட்டது. ஸ்லைடரை முழுதாக ஏற்றிவிட்டுக் குமிழைக் குறைக்க வேண்டும்.

துல்லியமாக 0.5-இல் மட்டமாக நின்றால் காரணம் வேறு. இரண்டு உள்ளீடுகள் உள்ள இன்டர்ஃபேஸின் முதல் உள்ளீட்டில் மட்டும் மைக்கை மாட்டி, ஆடாசிட்டியில் மோனோ தேர்ந்தெடுத்திருப்பீர்கள். விண்டோஸ் இரண்டு சேனலையும் கூட்டிப் பாதியாக்கிக் கொடுக்கிறது. ஒன்றில் குரல், மற்றதில் மௌனம், ஆகவே உச்சவரம்பே 0.5 ஆகிவிடுகிறது. இந்த நிலையில் ஸ்டீரியோவாகப் பதிந்து, தடத்தின் பெயர் மெனுவில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, வெறுமையான கீழ்த்தடத்தை அழித்துவிடுங்கள். இடது காதில் மட்டும் குரல் கேட்கிறது என்ற புகாருக்கும் இதே மருந்துதான்.

கெயினைக் கடைசி வரை திருகியும் குரல் எழவில்லை, இரைச்சல் மட்டும் எழுகிறது என்றால் மைக்கும் ப்ரீஆம்ப்பும் பொருந்தவில்லை. ஷூர் எஸ்எம்7பி இதற்குப் பேர்போன உதாரணம். அதன் உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு -59 டெசிபெல் வோல்ட். குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஐம்பதைத் தாண்டியதுமே மூச்சு வாங்கும் எளிய இன்டர்ஃபேஸோடு அதை இணைப்பது பணத்தை வீணாக்குவது. முதல் மைக் என்றால் க்யூ2யூ போல யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள, பேண்டம் பவர் தேவைப்படாத டைனமிக் மைக் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, பின்னால் இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீணாகாது, ஹெட்ஃபோனை மைக்கிலேயே செருகித் தாமதமின்றித் தன் குரலைக் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலே தூரம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி இரட்டித்தால் குரல் 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலி குறையாது. 10 சென்டிமீட்டரிலிருந்து 40-க்குப் போனால் 12 டெசிபெல் இழப்பு. அதை ஈடுகட்டக் கெயினை ஏற்றினால் அறையும் மின்விசிறியும் அதே 12 டெசிபெல் ஏறிவரும். பேச்சுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் 30 முதல் 45 பாகை சாய்வில். 'ப', 'ட' காற்றடிப்பது இதிலேயே பெருமளவு அடங்கும். ப்ளூ யெட்டி, ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 போன்றவை பக்கவாட்டில் பேச வேண்டிய மைக்குகள். ஐஸ்கிரீமைப் போல உச்சியை நோக்கிப் பேசினால் மங்கலாகத்தான் வரும். யெட்டியில் பிக்கப் வடிவம் இதய வடிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வட்டத்தில் இருந்தால் அறை முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும்.

இரைச்சலை இனம் பிரிப்பது

ஆடாசிட்டி மிக நன்றாகச் செய்யும் வேலை இது, புதியவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதுதான். பத்து நொடி பேசாமல் பதியுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து 'அனலைஸ்' மெனுவில் 'மெஷர் ஆர்எம்எஸ்' கொடுங்கள்; சராசரி ஒலியளவைச் சொல்லும். ஒலிநூல் வெளியீட்டுத் தளமான ஏசிஎக்ஸ் கேட்பது -60 டெசிபெலுக்குக் கீழே. வீட்டுப் பதிவுக்கு அது நல்ல இலக்கு. தாண்டினால், எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று வரைந்து காட்டும் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' திறந்து, அளவை 16384-க்கு ஏற்றுங்கள். 2048-இல் ஒவ்வொரு பட்டையும் 21 ஹெர்ட்ஸுக்கு மேல் அகலம், தாழ்ந்த சுருதிகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். 16384-இல் 3 ஹெர்ட்ஸுக்கும் குறைவு.

வரைபடத்தில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கூர்முனைகள் நின்றால் (மின்விநியோகம் 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 60, 120, 180) அது மின்சார ஹம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பதியுங்கள். மறைந்தால் எர்த் லூப் (இரண்டு எர்த் இணைப்புகளுக்கிடையே சுற்றும் மின்னோட்டம்). பேட்டரியில் பதிவு செய்யலாம், அல்லது கணினியையும் இன்டர்ஃபேஸையும் ஒரே மின்பலகையில் மாட்டலாம். மறையாவிட்டால் கேபிள், அல்லது அருகில் இருக்கும் மின்மாற்றி.

1000, 2000, 3000 ஹெர்ட்ஸில் சீரான இடைவெளியில் முனைகள் நின்றால் அது யூஎஸ்பியின் சொந்தக் குரல். யூஎஸ்பி ஒவ்வொரு மில்லிநொடிக்கும் ஒரு சட்டகம் அனுப்புகிறது. அந்தத் துடிப்பு மின்னூட்டம் வழியாக மைக்கின் ப்ரீஆம்ப்புக்குள் கசிந்து கொசு ரீங்காரமாகக் கேட்கிறது. ஹப்பை விட்டு நேரடியாகக் கணினியில் செருகுவது, வேறு துளையை முயல்வது, குட்டையான நல்ல கேபிள் என்று இந்த வரிசையில் முயல வேண்டும். கூர்முனையே இல்லாமல் பரந்து கிடக்கும் 'ஸ்ஸ்' என்றால் ப்ரீஆம்ப் இரைச்சல், மைக்கை நெருங்குவதே மருந்து. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குவிந்திருந்தால் மேசை அதிர்வும் விசிறிக் காற்றும். 'ஃபில்டர் கர்வ் ஈக்யூ' உள்ளே பேச்சுக்கான தாழ்சுருதி வெட்டு தயாராக இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்'. மௌனமான இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து ப்ரொஃபைல் எடுத்து, முழுத் தடத்துக்கும் 6 முதல் 9 டெசிபெல் கொடுங்கள். சென்சிட்டிவிட்டி 6, ஸ்மூத்திங் 6. டெசிபெலை இருபதுக்கு மேல் ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிடும். அந்த ஜன்னலில் 'ரெசிட்யூ' என்ற தெரிவு இருக்கிறது, நீக்கப்படுவதை மட்டும் கேட்கலாம். அதில் உங்கள் சொற்கள் புரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

பதிவு தொடக்கத்தில் நன்றாக இருந்து சில நொடிகளில் மங்குகிறது, சொல்லின் வால் விழுங்கப்படுகிறது, அல்லது ஒலியளவு தானாக ஏறி இறங்குகிறது என்றால் ஆடாசிட்டியில் தேடாதீர்கள். அழைப்புகளுக்காக விண்டோஸும் ஒலி டிரைவரும் போட்டுவைத்த இரைச்சல் நீக்கமும் எதிரொலி நீக்கமும் குரலையே இரைச்சலாக எண்ணி வெட்டுகின்றன. விண்டோஸ் 11-இல் 'சிஸ்டம்', 'சவுண்ட்' சென்று, மைக்கைச் சொடுக்கி 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணையுங்கள். காணொளி அழைப்புச் செயலிகள் திறந்திருந்தால் மூடுங்கள். மைக் அளவைத் தானே சரிசெய்யும் தெரிவு அவற்றில் இருந்தால் அதையும் அணையுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் பதிவு செய்யவே வேண்டாம். மைக் இயங்கத் தொடங்கியதும் அது அழைப்புக்கான முறைக்கு இறங்கிவிடும். வழக்கமான ஹெட்செட்டுகளில் சாம்பிள் ரேட் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான், தொலைபேசிக் குரல்தான் மிஞ்சும்.

மேலே மேலே பதிவது

ஒரு தடத்தைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றைப் பாடும்போது இரண்டும் விலகி நின்றால் தாமத ஈடு (பதிவில் வரும் தாமதத்தைச் சரிக்கட்டப் புதிய தடத்தை ஆடாசிட்டி நகர்த்தும் அளவு) சரியில்லை. இயல்பில் ஆடாசிட்டி -130 மில்லிநொடி வைத்திருக்கிறது; அது எந்தக் கருவிக்கும் துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 'ஜெனரேட்' மெனுவில் 'ரிதம் ட்ராக்' ஒன்றை உருவாக்கி, ஹெட்ஃபோனை மைக்கின் மேல் ஒட்டி வைத்துப் புதிய தடத்தில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்து இரண்டு தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளங்கள். புதிய தட்டு 25 மில்லிநொடி பிந்தி விழுந்தால் மதிப்பை -155 ஆக்குங்கள். முந்தி விழுந்தால் அந்த அளவு பூஜ்ஜியத்தை நோக்கி. ஹோஸ்ட்டை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். இதைத் தானே அளந்துகொள்ளும் வசதி உள்ளே இல்லாதது வருத்தம்.

நீண்ட வாசிப்புக்கு 'பஞ்ச் அண்ட் ரோல்' அருமையான கருவி. தவறிய சொல்லுக்குச் சற்று முன்னால் சொடுக்கி ஷிஃப்ட்+டி அழுத்தினால் முந்தைய 5 நொடியை ஒலித்துக் காட்டி, அந்த இடத்திலிருந்து பதிவைத் தொடங்கும். ஒலிநூல் வாசிப்பவர் இந்த ஒன்றுக்காகவே ஆடாசிட்டியை வைத்துக்கொள்ளலாம். ஆர் விசை தடத்தின் இறுதியில் தொடரும், ஷிஃப்ட்+ஆர் புதிய தடம் திறக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடங்களைக் குவிப்பவர்கள் உண்டு.

ஒலிநூல் தரத்துக்கு முடிக்க மூன்று படி போதும்: தாழ்சுருதி வெட்டு, பிறகு 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்' உள்ளே ஆர்எம்எஸ் -20, பிறகு உச்சங்களை அடக்கும் லிமிட்டரில் த்ரெஷோல்டும் மேக்அப் டார்கெட்டும் -3.5. இந்த வரிசை மாறக்கூடாது. ஏசிஎக்ஸ் கேட்பது ஆர்எம்எஸ் -23-க்கும் -18-க்கும் நடுவில், உச்சம் -3-க்குக் கீழே.

சேமிப்பது

ஏயூபி3 கோப்பு என்பது எஸ்கியூலைட் தரவுத்தளம். ஒரே கோப்பாக இருப்பது பெரிய நிம்மதி. பழைய பதிப்புகளில் நூற்றுக்கணக்கான துண்டுகள் சிதறிக் கிடந்தன. ஆனால் பதிவு நடக்கும்போது இந்தக் கோப்பு மேகச் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறையில் இருக்கக்கூடாது. ஆடாசிட்டியும் மேகச் சேமிப்பும் ஒரே நேரத்தில் அதைத் தொட்டால் பதிவில் துண்டுகள் விடுபடலாம், கோப்பே கெடலாம். விடுபட்ட இடங்களை ஆடாசிட்டி தனி லேபிள் தடத்தில் குறித்துக் காட்டும்; அந்த லேபிள் வந்தாலே வட்டையும் யூஎஸ்பி ஹப்பையும் சந்தேகியுங்கள். உள்வட்டில் பதிந்து, மூடிய பிறகு நகலை மேகத்துக்கு அனுப்புங்கள். பக்கத்தில் '-wal' என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு தெரிந்தால் அழிக்காதீர்கள். இன்னும் உள்ளே சேராத உங்கள் ஒலி அதில் இருக்கலாம்.

இடக் கணக்கும் தேவை. 32 பிட் மோனோ, 44,100 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10.6 மெகாபைட், மணிக்கு 635. முழுத் தடத்துக்கும் ஒவ்வொரு முறை எஃபெக்ட் கொடுக்கும்போதும் பழையதை அன்டூவுக்காக வைத்துக்கொள்வதால் அதே அளவு மறுபடி சேரும். ப்ராஜெக்ட்டைச் சேமிப்பதும் ஒலிக்கோப்பு எடுப்பதும் வேறு வேறு: ஏயூபி3-ஐ யாருக்கு அனுப்பினாலும் அவரிடம் ஆடாசிட்டி இல்லாமல் ஒலிக்காது. அனுப்புவதற்கு 'எக்ஸ்போர்ட்' செய்து வேவ் அல்லது எம்பி3 எடுக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தாது

மூன்று நான்கு பேரைத் தனித்தனி மைக்கில் ஒரே நேரத்தில் பதிவது ஆடாசிட்டிக்கு வராத கலை. இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே சமயத்தில் அது எடுக்காது. விண்டோஸுக்கான 3.7-இல் ஏசியோ (பல சேனல் இன்டர்ஃபேஸ்கள் பயன்படுத்தும் டிரைவர் முறை) ஆதரவு சேர்த்துக் கொடுக்கப்படாததால், எட்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு சேனலோடு நிற்க வேண்டியிருக்கும். கீபோர்டை இணைத்து மிடியாக (ஒலியாக அல்லாமல் சுரக் குறிப்புகளாக) பதிவதும் இல்லை. இந்தத் தேவைகள் உள்ளவர் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைப் பார்க்கலாம். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கத் தருகிறார்கள், ஆனால் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். மேக் வைத்திருப்பவருக்கு ஆப்பிளின் கராஜ்பேண்ட் இருக்கிறது.

ஒற்றைக் குரலுக்கு ஆடாசிட்டியைத் தேர்ந்தெடுத்தால், உண்மையான பதிவுக்கு முன் ஒரு சோதனைக் கோப்பு பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நொடி மௌனம், ஒரு நகக் கீறல், உரத்த வரி ஒன்று, மெல்லிய வரி ஒன்று. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் கெயின் குமிழ் எந்த எண்ணில் இருந்தது, மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் எழுதி அதன் கூடவே சேமியுங்கள். பிறகொரு நாள் ஒலி மாறிவிட்டதாகத் தோன்றும்போது, அதே நான்கையும் மறுபடி பதிந்து இரண்டு தடங்களையும் மேலும் கீழுமாக அடுக்கிப் பார்த்தால், மௌனம் மாறியிருக்கிறதா குரல் மாறியிருக்கிறதா என்பது உடனே தெரியும்.